நாற்பதாம் வாரத்து அழுக்கு

“ரெண்டு குளிசையும் வயித்துக்குள்ள போய்ச் சண்டை பிடிக்காதோ, அப்பா?”

கிளெமென்றின் மகள் ரஜனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. தாய் பிரஷர் குளிசையையும் சீனி வருத்தத்துக் குளிசையையும் ஒரே மிடறு தண்ணீரில் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கையில் இருந்த பாணைக் கடிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள். பிள்ளை கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டுப் போகிற மனிதர் அல்ல கிளெமென்ற். “கேட்டுக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினார்.

கேட்பதற்கு அவருக்கு இடமும் இருந்தது. அந்தக் கேள்வியை ஆராய்வதற்கென்றே வெள்ளவத்தையில் ஒரு நிறுவகம் இருந்தது. அதில் அவர் ஒன்பது வருடமாக ஆய்வுகூட உதவியாளர்.

பன்மருந்துச் சேர்க்கை மரபணு ஆய்வு நிறுவகம், காலி வீதியை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் பிள்ளைகள் ரியூஷன் படிக்கும் ஒரு ரியூட்டரிக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று மாடி, நாற்பத்தொரு பேர். ஆராய்ச்சி செய்பவர் ஒருவர். நிஷாந்தினி என்ற இளம் பெண். ஆய்வுகூடத்துக் கிளெமென்றையும், தேநீர் ஊற்றித் துப்புரவு செய்யும் சீனியம்மாவையும், வாசலில் நிற்கும் பலீல் நானாவையும் கழித்தால், மற்ற எல்லோரும் அந்த ஓர் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்தார்கள்.

நிஷாந்தினி கேள்வியைக் கேட்டுச் சிரித்தாள்.

“அருமையான கேள்வி அண்ணை. சில குளிசைகள் சண்டை பிடிக்கும். சிலது ஒண்டை ஒண்டு திரும்பியும் பாராது. ஆனால் ஆயிரத்தில ஒரு சோடி கை கோத்துக்கொண்டு வேலை செய்யும். அந்தச் சோடியைத்தான் நாங்கள் தேடுறம். புற்றுநோய்க் கலம், அதாவது உயிரணு, ஒரு கள்ளன்ர வீடு எண்டு வையுங்கோ. ஒரு மருந்து முன்கதவைப் பூட்டும். கள்ளன் பின்கதவால ஓடிடுவான். பின்கதவு எது எண்டு தெரியவேணுமே? அதுக்குத்தான் ஒவ்வொரு கலத்திலயும் ஒவ்வொரு மரபணுவை வெட்டிப்போட்டு அந்த மருந்தை விடுறம். எதை வெட்டின கலம் சாகுதோ, அதுதான் பின்கதவு. அதைப் பூட்டுற மருந்து ரெண்டாவது குளிசை.”

ரஜனி அன்று இரவுச் சாப்பாட்டில் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப யன்னல்?” என்றாள். மூன்றாவது குளிசையைப் பற்றி நிஷாந்தினி ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நல்ல வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு பணிப்பாளர் வேண்டும் அல்லவா? கலாநிதி கஜேந்திரன் இருந்தார். எந்தப் பொருள் வந்தாலும் குத்துவிளக்கு ஏற்றி வரவேற்பது அவருடைய வழக்கம். கலங்களை வளர்க்கிற வெப்பப் பெட்டி வந்தபோது அதன் கதவில் நாடா கட்டித் திறப்பு விழா வைத்தார். பிரதம விருந்தினர் மூன்று மணி நேரம் பிந்தி வந்தார். பாதி திறந்த கதவோடு பெட்டி காத்திருந்தது. உள்ளே இருந்த கலங்கள் முழுவதும் செத்துப்போயின. அவற்றுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலியும் நடந்தது. அஞ்சலிக் கூட்டத்தில் பணிப்பாளர் ஆற்றிய உரை அச்சிடப்பட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை அந்த வருடம் அச்சாகவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. ‘அத்தியாவசியமற்ற பதவிகளை இனங்கண்டு வருட முடிவுக்குள் நீக்குக.’

வேறு இடமென்றால் ஒரு குழுவை அமைத்து மறந்திருப்பார்கள். கஜேந்திரன் விஞ்ஞானி. எல்லோரையும் மேல்மாடி மண்டபத்துக்கு அழைத்தார்.

“எனது அன்பார்ந்த கலங்களே,” என்று தொடங்கினார். “ஒரு மரபணுவை வெட்டிப் பார், கலம் செத்தால் அது தேவையானது, சாகாவிட்டால் தேவையில்லாதது. இதுதான் நாங்கள் உலகுக்குச் சொல்வது. இந்த மகத்தான முறையைக் கலங்களில் மட்டும் செய்துகொண்டிருப்பது சுயநலம். இன்று முதல் இந்த நிறுவகமே ஒரு கலம். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு மரபணு. வாரத்துக்கு ஒருவராக வெட்டிப் பார்ப்போம். யார் இல்லாமலும் நிறுவகம் உயிரோடு இருக்கிறதோ, அவர் வருட முடிவில் வீட்டுக்குப் போகலாம்.”

கணக்காளர் பிரதீஸ் கையை உயர்த்தினார். “சேர், உங்களையும் வெட்டிப் பாக்கிறதோ?”

“விஞ்ஞானம் தெரியாத கேள்வி,” என்றார் பணிப்பாளர், கோபப்படாமல். “எந்தப் பரிசோதனையிலும் ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதை அளப்பது. அந்த மாறாத ஒன்று நான். முப்பது வருடமாக என்னில் எந்த முன்னேற்றமும் இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.”

கைதட்டினார்கள்.

மரபணுவை வெட்டுவதற்கு ஒரு வழிகாட்டியும் ஒரு கத்தரியும் தேவை. வழிகாட்டி சரியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும், கத்தரி வெட்டும். நிறுவகத்திலும் அப்படியே ஒழுங்கு செய்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வழிகாட்டிக் கடிதம் புறப்படும். அதன் பின்னால் நிர்வாக உத்தியோகத்தர் ஜீவராணி, திறப்பு விழாக்களில் நாடா வெட்டும் பெரிய வெள்ளிக் கத்தரியைத் தட்டில் ஏந்திக்கொண்டு போவார். கடிதம் சொல்லும் ஆளின் வரவு அட்டையை எல்லோர் முன்னாலும் வெட்டுவார். அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அகற்றப்பட்டவரின் வேலையை வேறு யாரும் செய்தால் அது தரவு மாசுபடுத்தல். ஒழுக்காற்று விசாரணை உண்டு.

முதல் வாரமே கத்தரி இலக்குத் தவறியது. கடிதத்தில் பெயர் எழுதுவது பாரபட்சத்துக்கு இடமாகும் என்று, ‘இரண்டாம் மாடி, இடப்பக்கம், மூன்றாவது கதிரை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த நேரம் அதில் இருந்தவன் கிஷாந்த் என்ற பொடியன்; போட்டோப்பிரதி இயந்திரம் திருத்த வந்தவன். ஜீவராணி அவனுக்கு வெட்ட அட்டை இல்லாததால், உடனே ஓர் அட்டை அடித்து, அதை வெட்டினார். கிஷாந்த் சம்பளத்தோடு ஒரு வாரம் வீட்டில் இருந்தான். நிறுவகம் உயிரோடு இருந்தது; கதிரைக்கு உரியவர் தேவையில்லாதவர் என்று பதியப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை அவனே வந்து, “மிஸ், இன்னொரு தரம் வெட்டுவீங்களோ?” என்று பணிவோடு கேட்டான்.

உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அளப்பது? அதற்கும் படிவம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீவராணி அதை நிரப்புவார். தேநீர் இருபத்தைந்து புள்ளி. மலசலகூடம் இருபத்தைந்து. பணிப்பாளரின் அறை இருபத்தைந்து. கலங்கள் இருபத்தைந்து. கலங்களுக்கு முதலில் ஐந்துதான் போட்டிருந்தார்கள். நிஷாந்தினி அழுததால் கூட்டப்பட்டது. எண்பதுக்குக் கீழே இறங்கினால் நிறுவகம் சாகிறது, போனவர் தேவையானவர் என்று முடிவு.

வாரங்கள் ஓடின. உதவிப் பணிப்பாளர் போன வாரம் மின்சாரக் கட்டணம் குறைந்தது. இணைப்பாக்கப் பிரிவில் மூன்று பேர்; ஒவ்வொருவராகப் போகப் போக இணைப்பு நன்றாக வந்தது. வெளிநாட்டுத் தொடர்பு அதிகாரி போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பதில் கடிதம் வந்தது. நிஷாந்தினி போன வாரம்கூட நூறு புள்ளி. ஆராய்ச்சிக்குப் படிவத்தில் இடமே இல்லை.

முப்பத்தொன்பதாம் வாரம் கடிதம் ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றது.

கிளெமென்றின் வேலை சின்ன வேலை. வெப்பப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் தினமும் நீல மூடிப் போத்தலிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் பெட்டிக்குள் காற்று காய்ந்து, கலங்கள் இருக்கிற சின்னக் குழிகள் வற்றிப்போகும். காஸ் சிலிண்டர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அந்தத் தட்டு ஒரு நாளும் வற்றியதில்லை.

“மிஸ், தண்ணித் தட்டு...” என்று தொடங்கினார்.

“வெட்டினாப் பிறகு கதைக்கக் கூடாது,” என்று ஜீவராணி சொன்னார். கத்தரி கிறீச்சிட்டது.

அந்த வாரம் பணிப்பாளர் ஜெனீவாவில் மாநாட்டுக்குப் போயிருந்தார். நிஷாந்தினி பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்த மாதிரிகளுக்காகக் காத்துக்கொண்டு இருந்தாள். கிளெமென்றுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். தனக்காக அல்ல, கலங்களுக்காக. புதன்கிழமை பொறுக்க முடியாமல் வெள்ளவத்தைக்கு வந்து வாசலில் நின்றார்.

பலீல் நானா குறுக்கே கையை நீட்டினார். “உள்ளுக்கு உட ஏலா கிளெமென்ற். நீங்க இந்தக் கிழம இல்ல.”

“நான் இஞ்சதானே நிக்கிறன் நானா.”

“நிக்கிறது எனக்கும் வெளங்குது. கடுதாசில இல்ல எண்டு இரிக்கி. இல்லாத மனிசன நான் எப்பிடி உள்ளுக்கு எடுக்கிற? போய் ஒரு டீயக் குடிச்சிட்டு வீட்ட போங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்டும் யோசிக்க வாணாம். அல்லாஹ் பாத்துக்குவான்,” என்றார்.

வெள்ளிக்கிழமை படிவத்தில் நூறு விழுந்தது. கலங்கள் கொழுத்துத் தளதளவென்று இருந்தன.

திங்கட்கிழமை வந்த கிளெமென்ற் முதலில் பெட்டிக்குத்தான் ஓடினார். தட்டில் தண்ணீர் கோடு வரை நின்றது. மகிழ்ச்சியில் கண்கலங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் மேசையில் இருந்த கடிதத்தைப் பிரித்தார். ‘தங்கள் பதவி இன்றியும் நிறுவகம் பூரண உயிர்த்துடிப்புடன் இயங்கியமையால், டிசம்பர் முப்பத்தோராம் திகதியுடன்...’

பத்து மணிக்குச் சீனியம்மா தேநீரோடு வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொலன்னாவையில் ஓர் அறை எடுத்து இருக்கிறவள். கணவன் இல்லை. மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எடுக்கப்போகிறாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்று கோப்பையை வைத்தாள். “நீங்க இல்லாத வாரம் நாந்தான் வெள்ளன வந்து அந்தத் தட்டுல தண்ணி ஊத்துனேன். நீல மூடிப் போத்தல்தானே? கண்ணாடி வழியா எத்தன வருசமாப் பாக்குறேன். அதுகளும் உசிருதானே அண்ணே. தொண்ட காஞ்சு கெடந்தா பாவமில்லியா? யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க, விசாரண வச்சிருவாங்க.”

கிளெமென்ற் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவள் ஊற்றிய தண்ணீர் கலங்களைக் காப்பாற்றியது. அவருடைய வேலைக்கு முடிவு கட்டியும் விட்டது. இதைச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். அன்பாக ஒன்றைச் செய்தவரிடம் அதன் கேட்டை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எல்லா உண்மையையும் எல்லோருக்கும் சொல்லத்தான் வேண்டும் என்று கடவுள் எங்கும் எழுதிவைக்கவில்லை.

“நல்ல காரியம் செய்தனீங்கள், தங்கச்சி,” என்றார். “உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன்.”

“அடப் போங்கண்ணே, ஒரு செம்பு தண்ணி.”

அன்று பின்னேரம் மீளாய்வுக் கூட்டம்; அதனால் அந்த வாரம் வெட்டு இல்லை. அமைச்சிலிருந்து ஓர் அம்மையார் குறிப்புப் புத்தகத்தோடு வந்திருந்தார். கிளெமென்றை மேடைக்குப் பக்கத்தில், ‘மாதிரி’ என்று எழுதிய ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டி, நிற்க வைத்தார்கள். ஜெனீவாவிலிருந்து வந்த களைப்பில் பணிப்பாளர் பேசினார்.

“முப்பத்தொன்பது வாரம். ஒருவர்கூடத் தேவையில்லை! இவ்வளவு தேவையில்லாதவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது நிர்வாகம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெருமை என்னையே சாரும்.”

நிஷாந்தினி எழுந்தாள்.

“சேர், ஒரு மரபணுவை வெட்டினாப் பிறகும் கலம் சாகேல்லை எண்டால், அது தேவையில்லாதது எண்டு அர்த்தமில்லை. பக்கத்தில இருக்கிற ஒண்டு, சத்தம் போடாமல், அதன்ர வேலையையும் சேர்த்துச் செய்யும். அதாலதான் ஒண்டை மட்டும் வெட்டிப் பாக்கிறது காணாது. ரெண்டு ரெண்டாய் வெட்டிப் பாக்கவேணும்.”

“எங்கள் நிறுவகத்தில் சத்தம் போடாமல் வேலை செய்கிற மரபணு கிடையாது,” என்றார் பணிப்பாளர். “இங்கே ஒருவர் ஒரு வேலை செய்தால் மூன்று பிரதி எடுத்து எனக்கு அனுப்புவார். ஆனால் இரண்டு இரண்டாய் என்பது நல்ல யோசனை. எத்தனை சோடி வரும்?”

பிரதீஸ் கணக்குப் பார்த்தார். “எழுநூற்றெண்பது சேர். வாரத்துக்கு ஒண்டு எண்டால் பதினைஞ்சு வருஷம்.”

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. “எனக்குச் சேவை நீடிப்புக் கேட்க வேண்டும்.”

“ஒரு சோடி ஏற்கெனவே செய்தாச்சு, சேர்,” என்றாள் நிஷாந்தினி.

“எப்போது?”

“போன கிழமை. கிளெமென்ற் அண்ணை வீட்டில. சேர் ஜெனீவாவில. ரெண்டு பேரும் சேர்ந்து இல்லை. நூறு புள்ளி. சேரின்ர அறைக்கும் முழுப் புள்ளி. ‘வழமையை விடச் சுத்தம்’ எண்டு குறிப்பும் இருக்கு.”

அம்மையாரின் பேனா ஓடத் தொடங்கியது. பேனா ஓடுகிற சத்தம் பணிப்பாளருக்குப் பிடிக்கவில்லை.

“அந்த வாரம் செல்லாது!” என்றார். “மாறாத ஒன்று இல்லாத இடத்தில் பரிசோதனையே இல்லை. முப்பத்தொன்பதாம் வாரம் என்று ஒரு வாரம் நடக்கவேயில்லை. ஜீவராணி, கத்தரியைக் கொண்டு வாருங்கள்.”

சுவர் நாட்காட்டியிலிருந்து ஏழு நாட்கள் வெட்டி எடுக்கப்பட்டன. நடக்காத வாரத்தின் தரவை வைத்து ஒருவரை நீக்க முடியாது. ஆகவே கிளெமென்றின் கடிதமும் வாபஸ். அமைச்சு அம்மையார் எழுதியதைப் பணிப்பாளர் மிகுந்த பணிவோடு கேட்டு வாங்கி, அதுவும் நடக்காத வாரத்தைப் பற்றியதுதான் என்று விளங்கப்படுத்தினார். பலீல் நானாவின் பேரப்பிள்ளை சரியாக அந்த வியாழக்கிழமை பிறந்தது. “அப்ப எங்கட புள்ளக்கி பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஏலுமா?” என்று அவர் இரண்டு நாள் கவலைப்பட்டார்.

கிளெமென்ற் தப்பிவிட்டார். ஆனால் சீனியம்மாவின் முறை இன்னும் இருந்தது. அதுதான் கடைசி, நாற்பதாம் வாரம்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அட்டை வெட்டப்பட்டபோது அவள் கத்தரியைப் பார்க்கவில்லை. “தேயெல டின்னு மேல் தட்டுல இருக்கு மிஸ்,” என்று ஜீவராணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் கிளெமென்ற் முக்கால் மணி நேரம் முந்தி வந்தார். பட்ட கடன் ஒன்று இருந்தது. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். புதன்கிழமையும் கழுவினார். வியாழக்கிழமை பின்னேரம் எல்லோரும் போன பிறகு, அடுத்த நாளைக்காகக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, தற்செயலாகச் சுற்றிப் பார்த்தார். மலசலகூடம் பளபளத்தது, அவர் அதைத் தொடவேயில்லை. முந்தினநாள் பிரதீஸ் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அங்கிருந்து வந்தது நினைவுக்கு வந்தது. நிஷாந்தினியின் கையில் தேயிலைக் கறை இருந்தது. பலீல் நானாவின் கதிரைக்குப் பின்னால் தரை துடைத்த ஈரத் தும்புத்தடி. பணிப்பாளரின் கதிரையில் போடுகிற வெள்ளைத் துவாய் அழுத்திப் போடப்பட்டிருந்தது. அந்த மடிப்பைக் கிளெமென்ற் அறிவார். அது ஜீவராணியின் மடிப்பு. கத்தரி தூக்குகிற ஜீவராணி!

ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவரும் அவளுக்காகச் செய்திருந்தார்கள். விசாரணைக்குப் பயந்து ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. அந்த நாற்பத்தொரு பேர் கொண்ட கட்டடத்தில் இவ்வளவு நல்ல மனம் இருக்கும் என்று கிளெமென்ற் நினைத்ததேயில்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு இந்த நல்ல மனமெல்லாம் சேர்ந்து சீனியம்மாவுக்கு நூறு புள்ளி வாங்கிக்கொடுக்கும். டிசம்பர் முப்பத்தொன்றோடு அவள் வீட்டுக்குப் போவாள்.

கையில் இருந்த கோப்பையை அவர் மெதுவாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அமைச்சு அம்மையார் இறுதி அளவீட்டைப் பார்க்க நேரில் வந்திருந்தார். ஜீவராணி படிவத்தோடு முன்னே போனார். மலசலகூடத்துக் கதவைத் திறந்தவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே மூடினார். நடைபாதை முழுவதும் கடற்கரை மணல். அம்மையார் தானே போய்க் கலந்துகொண்ட தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்பு. ஒரு மிடறு குடித்த அம்மையார் யன்னல் பக்கம் போய் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பணிப்பாளரின் அறை யன்னல் திறந்து கிடந்தது. மேசையெல்லாம் பாண் துண்டுகள். கொழும்புக் காகங்களுக்கு அதற்குமேல் அழைப்பிதழ் தேவையில்லை. ஆறேழு காகங்கள் கோப்புகளின் மேல் நடந்துகொண்டிருந்தன. ஒன்று பணிப்பாளரின் கதிரையில், வெள்ளைத் துவாயின் மேல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் கையொப்பத்துக்காக இரண்டு கடிதங்கள் வைக்கப்பட்டிருந்தன.

“இது எவ்வளவு நேரமாக இருக்கிறது?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“எட்டரைக்கு நான் கடிதம் வைக்கேக்க இருந்தது சேர்,” என்றார் பிரதீஸ். “திரும்பி இருந்தபடியால் நான் வடிவாய்ப் பாக்கேல்லை.”

பிரதீஸும் நிஷாந்தினியும் பலீல் நானாவும் ஜீவராணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுத்தானே துப்புரவாக இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் வாய்வரை வந்தது. சொன்னால், அதைத் துப்புரவாக்கியது யார் என்ற கேள்வி வரும். நால்வரும் மணலைப் பார்த்தார்கள்.

பணிப்பாளர் ஒருவர்தான் தடுமாறவில்லை. “இந்த நாற்றம் ஒரு தரவு!” என்று முழங்கினார். “நாற்பது வாரமாக நான் தேடிய முடிவு கிடைத்துவிட்டது. இந்த நிறுவகத்துக்கு இன்றியமையாத ஒரே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். விஞ்ஞானம் வென்றது!”

தேநீர் பூச்சியம். மலசலகூடம் பூச்சியம். பணிப்பாளரின் அறை பூச்சியம். கலங்கள் இருபத்தைந்து. சீனியம்மாவின் பதவி நிரந்தரமாக்கப்பட்டது. மற்றவர்களைப் பற்றி அமைச்சுக்கு அனுப்பிய அறிக்கையில், ஒருவரையொருவர் விட்டுப் பிரிக்க முடியாத முப்பத்தொன்பது பேர் என்றும், உறுதிப்படுத்த மேலும் பதினைந்து வருடம் தேவை என்றும் எழுதினார்கள். இன்றைக்கும் அந்த அறிக்கை அமைச்சில் பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை சீனியம்மா திரும்பி வந்து வாளியும் தும்புத்தடியுமாய் நாள் முழுக்க உரஞ்சினாள். உரஞ்சிக்கொண்டே திட்டினாள்.

“எந்தக் கட்டையில போற பயலோ அண்ணே! நாலு நாளுல மனுசன் இப்பிடியா பண்ணுவான்? மாடு கட்டுற எடமா இது?”

“ஓம் தங்கச்சி,” என்றார் கிளெமென்ற். “கட்டையில போறவன்தான்.”

இனி அந்த வெள்ளிக்கிழமை விடியல்.

காஸ் சிலிண்டர் இறக்குவதற்காகப் பின்கதவுப் பூட்டின் திறப்பு ஒன்று கிளெமென்றின் சட்டைப் பையில் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்து, தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரையில் இரண்டு ஷொப்பிங் பை நிறைய ஈர மணல் அள்ளினார். பலீல் நானா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உள்ளே போனதும் முதலில் ஆய்வுகூடத்துக் கதவை இறுக்கிச் சாத்தினார். அங்கே ஒரு மணலும் போகக்கூடாது. பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில், வேண்டுமென்று ஓர் இடத்தை அசிங்கப்படுத்துவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

மணலை நடைபாதையில் தூவினார். கை கூசியது, ஒரு மூலையைத் தன்னையறியாமல் காலால் ஒதுக்கிவிட்டு, திரும்ப வந்து கலைத்தார். சீனிப் போத்தலைக் கொட்டி உப்பு நிரப்பினார். மலசலகூடத்தில் அவர் செய்ததை நான் எழுதப் போவதில்லை. அவர் அதற்கு அடுத்த சனிக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார், அது போதும். பணிப்பாளரின் அறையில் ஜீவராணியின் துவாயைப் பார்த்துச் சிறிது நேரம் தயங்கினார். அந்த மடிப்பில் இருந்த அன்பு அவருக்குத் தெரிந்திருந்தது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்,” என்று துவாயிடம் சொன்னார். பாண் துண்டுகளை மேசையில் பிய்த்துப் போட்டு யன்னலைத் திறந்தார். கடல் காற்று உள்ளே வந்தது. முதல் காகம் வந்து யன்னல் விளிம்பில் இருந்து அவரைத் தலை சரித்துப் பார்த்தது.

“வாங்கோ,” என்றார் கிளெமென்ற்.

பின்கதவுக்கு வந்தபோது எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. திரும்பிப் போய் அதை இறுக்கி மூடினார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்து, எட்டரை மணி வரை அங்கேயே இருந்தார்.